பெஞ்சில் இருப்பவனுக்கும் நீங்கள்தான் கோச்

(வாசகர் கேள்வி – பதில். பதில் சொல்பவர் தூத்தூர் கடற்கரையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். ஊர் கால்பந்து அணிக்கு 31 வருடம் பயிற்சி கொடுத்தவர்.)

ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஆட்டங்களைத் தவறாமல் பார்க்கிறேன். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு அணி, கோச் மாறியதும் ஜெயிக்க ஆரம்பிக்கிறது. ஆடுகிறவர்கள் அதே ஆட்கள்தான். அந்த ஒரு மனிதர் அப்படி என்ன கொண்டு வருகிறார்? அவர் பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா?
– கல்லூரி மாணவர், இரவிபுத்தன்துறை

தம்பி, நீங்கள் 2019-20 சீசனை மனதில் வைத்துக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். டிசம்பரில் ஓவன் கோய்ல் பொறுப்பேற்றபோது சென்னையின் எஃப்.சி. அட்டவணையின் அடிப்பக்கம் கிடந்தது. மார்ச்சில் அதே அணி இறுதிப்போட்டியில் நின்றது. கொரோனா வந்த நேரம், கோவாவில் ஆளில்லாத அரங்கில் ஆட்டம். கொல்கத்தாவின் ஏ.டி.கே. 3-1 என்று ஜெயித்தது. அந்த சீசனில் ஏ.டி.கே. அணியில் இருந்தவர் உங்கள் ஊர் மைக்கேல் சூசைராஜ். முன்னால் ஓடி அடித்துப் பழகியவரை, பின்னால் வந்து தடுக்கவும் வேண்டிய இடது ஓரத்தில் நிறுத்தியவர் கோச் ஆண்டோனியோ ஹபாஸ். ஒரு ஆளை அவன் பழகாத இடத்தில் நிறுத்தி, 'உன்னால் முடியும்' என்று அவனையே நம்ப வைப்பது லேசான காரியம் இல்லை.

நம் நாட்டிலேயே இதற்குப் பெரிய உதாரணம் இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம் ஒரு பள்ளி ஆசிரியர். அவர் கோச்சாக இருந்தபோதுதான் இந்தியா 1951-லும் 1962-லும் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கியது. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காவது இடம் வந்தது. 1962-ல் ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றோம். அப்புறம் தாய்லாந்துடன் ஆடும்போது நம் டிஃபெண்டர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட்டார்கள். வேறு கோச்சாக இருந்தால் அவரை உட்கார வைத்திருப்பார். ரஹீம் அவரை ஃபார்வர்டாக மாற்றி முன்னால் அனுப்பினார். இறுதிப்போட்டியில் மறுபடியும் தென் கொரியா. அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கூச்சல் போட்டது. பி.கே. பானர்ஜி ஒரு கோல், அந்தத் தையல் போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். 2-1. அடுத்த ஜூனில் ரஹீம் புற்றுநோயால் இறந்துபோனார். தடுக்கிறவனுக்குள் அடிக்கிறவனும் இருக்கிறான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தினமும் கிட்ட இருந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும்.

முதல் குணம் எது என்று என்னைக் கேட்டால், அணியில் இருக்கிற இருபத்தைந்து பேரையும் பார்க்கத் தெரிவது என்பேன். இறங்கி ஆடுவது பதினோரு பேர். மீதிப் பேரும் அதே பயிற்சிக்கு வருகிறார்கள், அதே மணலில் ஓடுகிறார்கள், ஆட்டம் அன்று பெஞ்சில் உட்காருகிறார்கள். அவர்கள் மனம் கெட்டால் அது முதலில் பஸ்ஸில் தெரியும், அப்புறம் பயிற்சியில் தெரியும், கடைசியில் ஸ்கோரில் தெரியும்.

1999 மே மாதம் பார்சிலோனாவில் நடந்த, ஐரோப்பிய கிளப்புகளுக்கான சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டியை நினைத்துப் பாருங்கள். மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு ராய் கீனும் ஸ்கோல்ஸும் தடையால் ஆட முடியவில்லை. ஆறாவது நிமிடமே பயர்ன் மியூனிக் கோல் போட்டுவிட்டது. 90 நிமிடம் ஆனபோதும் 1-0 தான். இஞ்சுரி டைமில் ஷெரிங்கம் ஒன்று, சோல்ஷேர் ஒன்று. இரண்டு பேரும் பெஞ்சிலிருந்து வந்தவர்கள். அதே வருடம் பிப்ரவரியில் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடத்துக்குள் இறங்கி நான்கு கோல் போட்டவர் சோல்ஷேர். நான்கு கோல் போட்டும் முதல் பதினொன்றில் நிரந்தர இடமில்லை. அப்படிப்பட்டவன் முகம் சுளிக்காமல் உட்கார்ந்து, ஆட்டத்தைக் கூர்ந்து பார்த்து, கூப்பிட்டதும் தயாராக எழுந்திருக்கிறான் என்றால், அவனை அப்படி வைத்திருந்தவர் கோச் அலெக்ஸ் ஃபெர்குசன். கோப்பை ஜெயித்ததை எல்லோரும் பேசுகிறார்கள். நான் சோல்ஷேர் உட்கார்ந்திருந்த அந்த எண்பது நிமிடத்தைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன்.

பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா என்றால், கட்டாயமில்லை. இத்தாலியின் ஏ.சி. மிலானுக்கு 1989, 1990 என்று அடுத்தடுத்து ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) வாங்கிக் கொடுத்த அரிகோ சாக்கி காலணி வியாபாரத்தில் இருந்தவர், தொழில்முறை ஆட்டமே ஆடாதவர். பின்னாளில் பெரிய கோச்சான மோரின்யோ, கோச் பாபி ராப்சனுக்கு மொழிபெயர்ப்பாளராக உள்ளே வந்தவர்.

எனக்கு 24 வயது. ஊர் அணிக்கு என்னைக் கோச்சாகப் போட்டிருக்கிறார்கள். முப்பது வயது தாண்டிய அண்ணன்மார் நான் சொல்வதைக் கேட்பதில்லை. சின்னப் பையன்கள் அவர்களிடம் பந்து கேட்கவே பயப்படுகிறார்கள். கத்திப் பார்த்தேன், பலனில்லை.
– இளம் கோச், கடியப்பட்டணம்

கத்துவதை நிறுத்துங்கள் தம்பி. நானும் முதல் நான்கு வருடம் கத்தினேன். தொண்டைதான் போனது.

உங்களுக்கு வந்திருக்கிற அதே சிக்கல் குஸ் ஹிடிங்குக்கும் வந்தது. 2001 தொடக்கத்தில் அவர் நெதர்லாந்திலிருந்து தென் கொரியாவுக்குப் போனார். நம்மைப் போலவே வயதுக்கு மரியாதை கொடுக்கும் ஊர் அது. இளையவன் மூத்தவனைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டான். மைதானத்திலும் மூத்தவன் நிற்கும் பக்கமே பந்து போகும். ஹிடிங்க் ஒரு விதி போட்டார்: மைதானத்துக்குள் மரியாதைச் சொல் கிடையாது, எல்லோரும் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். அந்த வருடமே பிரான்ஸிடம் 5-0, செக் குடியரசிடம் 5-0 என்று தோற்றார்கள். பத்திரிகைகள் அவருக்கு 'ஐந்து-பூஜ்யம்' என்றே பட்டப்பெயர் வைத்தன. அவர் விதியை மாற்றவில்லை. 2002 உலகக் கோப்பையில் போலந்து, போர்ச்சுகல், இத்தாலி, ஸ்பெயின் என்று தாண்டி தென் கொரியா அரையிறுதிக்கு வந்தது. அதற்கு முன் உலகக் கோப்பையில் ஒரு ஆட்டம்கூட ஜெயித்திராத நாடு அது.

எங்கள் ஊரில் நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன். 'அண்ணே, பந்து தாங்கண்ணே' என்று பையன் சொல்லி முடிப்பதற்குள் எதிராளி காலை நீட்டிவிடுவான். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே பேர், கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் மறுபடி அண்ணன் என்று வைத்தேன். முதல் வாரம் பையன்கள் வெட்கப்பட்டார்கள். ஒரு மூத்த ஆட்டக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் இந்த விதியைக் கொண்டுவருவதற்கு முந்தின நாள் சாயங்காலமே நான் அவர் வீட்டுக்குப் போய், 'நாளைக்கு இப்படி ஒன்று சொல்லப்போகிறேன், நீங்கள் கூட நிற்க வேண்டும்' என்று கேட்டிருந்தேன். முகம் சிவந்தாலும் அவர் கூட நின்றார்.

இதுதான் முக்கியம். மூத்தவர்களைக் கூட்டத்தில் வைத்துத் திருத்தாதீர்கள். இங்கிலாந்தில் பிரையன் கிளஃப் 1974-ல் லீட்ஸ் யுனைடெட்டுக்குக் கோச்சாகப் போனார். லீட்ஸ் அப்போதுதான் லீக் ஜெயித்திருந்த அணி. அவர்கள் ஆடும் முறையைப் பல வருடம் வெளியில் நின்று திட்டியவர் இவர். உள்ளே போன பிறகும் அவர்கள் சம்பாதித்த பெருமையை மதிக்கவில்லை. 44 நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே மனிதர் அடுத்துப் போன நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இரண்டாம் டிவிஷனில் இருந்த அணி. 1977-ல் மேலே ஏறினார்கள், 1978-ல் லீக், 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை. லீட்ஸுக்குப் போனபோது அவருடைய நீண்ட நாள் துணை பீட்டர் டெய்லர் கூட வரவில்லை. ஃபாரஸ்டில் வந்து சேர்ந்தார். தனக்கு எதிரே உட்கார்ந்து 'நீ செய்வது தப்பு' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும் தம்பி. உங்கள் ஊரில் அப்படி ஒருவரைத் தேடிப் பிடியுங்கள்.

இன்னொன்று. உங்கள் அண்ணன்மாரில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்களாக இருப்பார்கள். முப்பது நாற்பது நாள் போட்டில் கிடந்துவிட்டு வருகிறவனுக்குத் தரையே முதல் இரண்டு நாள் ஆடும். அவனைக் கரை இறங்கிய மறுநாள் ஐந்து ரவுண்டு ஓடச் சொன்னால் உங்களை எப்படி மதிப்பான்? ஜூன், ஜூலை தடைக்காலத்தில்தான் நம் மேற்குக் கடற்கரையில் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். மழையும் அப்போதுதான். ஆனாலும் முழு அணியையும் ஒன்றாக வைத்துப் பழக அந்த இரண்டு மாதத்தை விட்டால் வேறு நேரம் கிடைக்காது. திட்டத்தை அதற்கேற்ப போடுங்கள்.

2016-ல் லெஸ்டர் சிட்டியை பிரீமியர் லீக் ஜெயிக்க வைத்த ரானியேரியை ஒன்பது மாதத்தில் நீக்கிவிட்டார்கள். இது நியாயமா?
– வாசகர், நாகர்கோவில்

நியாயம் இல்லை. கோல் வாங்காமல் ஒரு ஆட்டம் முடித்தால் பீட்சா என்று சொல்லி, சொன்னபடி அழைத்துப் போய், அவரவர் பீட்சாவை அவரவரே செய்ய வைத்த மனிதர் அவர். அந்த வேடிக்கைக்குள் ஒரு பாடம் வைத்திருந்தார். ஆனால் தொழில்முறைக் கோச் வேலை அப்படித்தான். மேலே இருப்பவர்களுக்கு அட்டவணை மட்டும்தான் கண்ணில் படும். அந்த நேரத்தில் லெஸ்டர் கீழ் டிவிஷனுக்கு இறங்கும் ஆபத்தில் இருந்தது. ஃபெர்குசனே 1986-ல் மான்செஸ்டருக்கு வந்து, முதல் கோப்பை வாங்க 1990 ஆயிற்று, லீக் ஜெயிக்க 1993 ஆயிற்று. இன்று யாருக்கு அவ்வளவு காலம் கொடுப்பார்கள்?

ஹாஃப் டைமில் பதினைந்து நிமிடம். அதில் என்ன பேச வேண்டும்? எங்கள் கிளப்பில் செயலாளர், பொருளாளர், ஊர்ப் பெரியவர் எல்லோரும் வந்து பேசுகிறார்கள்.
– கிளப் நிர்வாகி, முட்டம்

முதலில் அவர்களை அன்போடு வெளியே நிற்கச் சொல்லுங்கள். நீங்களும் அவர்களோடு நிற்கலாம்.

கோச் முதல் மூன்று நான்கு நிமிடம் வாயே திறக்க வேண்டாம். பையன்கள் தண்ணீர் குடிக்கட்டும், மூச்சு வாங்கட்டும், ஒருவரை ஒருவர் குறை சொல்வதானால் சொல்லி முடிக்கட்டும். அதில் பாதி உண்மை வெளியே வந்துவிடும். அப்புறம் இரண்டே விஷயம் சொல்ல வேண்டும். மூன்றாவது சொன்னால் முதலாவது மறந்துபோகும்.

2005-ல் இஸ்தான்புலில் சாம்பியன்ஸ் லீக் இறுதிப்போட்டி. பாதி ஆட்டத்தில் மிலான் மூன்று, லிவர்பூல் பூஜ்யம். லிவர்பூல் கோச் பெனிடஸ் அந்த இடைவேளையில் செய்தது ஒரு மாற்றம்: ஃபினனை எடுத்துவிட்டு ஹமானை நடுவில் இறக்கி, பின்னால் மூன்று பேரை நிறுத்தினார். இரண்டாம் பாதியில் ஆறு நிமிடத்துக்குள் மூன்று கோல். கடைசியில் பெனால்டியில் ஜெயித்தார்கள். வீர வசனத்தால் மட்டும் அது நடந்திருக்காது. எங்கே ஓட்டை என்று பார்த்து அடைத்ததால் நடந்தது.

எதிர்ப் பக்கம் அன்று தோற்ற கோச் கார்லோ ஆன்செலோட்டி. மூன்று கோல் முன்னிலையைக் கையில் வைத்துத் தோற்ற வேறொருவராக இருந்தால் ஆட்களையெல்லாம் மாற்றியிருப்பார், யார் மேலாவது பழியைப் போட்டிருப்பார். இவர் அந்த அணியின் முக்கியமான ஆட்களை நம்பிக் கூடவே வைத்திருந்தார். இரண்டு வருடம் கழித்து அதே லிவர்பூலை இறுதிப்போட்டியில் 2-1 என்று ஜெயித்தார். கோச்சாக மொத்தம் ஐந்து சாம்பியன்ஸ் லீக் வாங்கியிருக்கிறார், வேறு யாரும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.

பேசாமல் இருப்பதும் கோச்சின் வேலைதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது எங்கள் கடற்கரையிலிருந்து கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் எங்கள் ஊர் மைதானத்தில் யாரும் பந்தைத் தொடவில்லை. ஜனவரியில் ஒரு சாயங்காலம் பையன்கள் தாங்களாகவே வந்து நின்றார்கள். அப்பாவை இழந்தவனும் இருந்தான், அண்ணனை இழந்தவனும் இருந்தான். வழக்கமான பயிற்சி எதுவும் வைக்கவில்லை. பந்தைக் கொடுத்துவிட்டு ஓரத்தில் மணலில் உட்கார்ந்தேன். சிலர் ஆடினார்கள். சிலர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருட்டும் வரை அப்படியே இருந்தோம்.

பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். தொழில்முறைக் கோச் ஆக என்ன செய்ய வேண்டும்? பெண்ணாக இருந்து அது முடியுமா?
– உடற்கல்வி ஆசிரியை, கருங்கல்

கோச்சுகளுக்கான டி லைசென்ஸில் தொடங்குங்கள், அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு நடத்துகிறது. அதன் பிறகு சி, பி, ஏ, கடைசியில் புரோ. ஒவ்வொன்றுக்கும் இடையில் வேலை செய்த அனுபவம் கேட்பார்கள். ஐ.எஸ்.எல். தலைமைக் கோச்சுக்கு புரோ வேண்டும். மிசோரமின் ஐஸ்வால் என்ற சின்ன அணியை 2017-ல் தேசிய அளவிலான ஐ-லீக் ஜெயிக்க வைத்த காலித் ஜமீல், 2025 ஆகஸ்டில் இந்திய அணியின் தலைமைக் கோச் ஆனார். இந்திய கோச்சுகளுக்குக் கதவு திறக்கிறது. பெண்களைப் பற்றிக் கேட்டீர்கள்: பிரான்ஸில் கொரின் டியாக்ர் 2014-லிருந்து மூன்று வருடம் கிளெர்மான் ஆண்கள் அணிக்கே தலைமைக் கோச்சாக இருந்தார், இரண்டாம் டிவிஷன் தொழில்முறை அணி அது. நீங்கள் விண்ணப்பத்தைப் போடுங்கள் டீச்சர்.

என் மகனுக்கு 16 வயது. இரண்டு வருடமாக விடியற்காலை எழுந்து பயிற்சிக்குப் போகிறான். ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை. ராத்திரி பேசாமல் படுத்துக்கொள்கிறான். நான் போய் கோச்சிடம் கேட்கலாமா?
– ஒரு தாய், குளச்சல்

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன் அம்மா. பதில் சொல்வதற்கு முன் என்னுடைய ஒரு தவறை உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

பல வருடம் முன்பு எங்கள் அணி ஒரு போட்டியில் இறுதிக்கு வந்தது. ரைட் பேக் (வலது பக்கத் தடுப்பு) ஆடியது பத்தொன்பது வயதுப் பையன். ஒரு நாள்கூடப் பயிற்சிக்குத் தவறாதவன். இறுதிப்போட்டிக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு கல்லூரி ஆட்டக்காரரைக் கொண்டுவந்தோம். அவர் திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. பையனைப் பதினெட்டுப் பேர் பட்டியலிலிருந்தே எடுக்க வேண்டியதாயிற்று. அவன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பேர்ப் பட்டியலை எழுதி கிளப் சுவரில் ஒட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவன் அப்பாவோடு வந்து, அவர் பக்கத்தில் நின்றுதான் அதைப் படித்தானாம்.

ஆட்டத்தில் ஜெயித்தோம். மறுநாள் சாயங்காலம் அவன் கிளப் கொடுத்த பூட்ஸைக் கழுவி, காயவைத்து, என் வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போனான். உள்ளே வரவில்லை. அந்த வாரமே கொச்சிக்கு மீன்பிடி போட் வேலைக்குப் போய்விட்டான். நான் எடுத்த முடிவு சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். பட்டியலை ஒட்டிவிட்டு ஓடியதுதான் தப்பு. 1990-ல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதி 3-3 என்று டிரா ஆனபோது, மறு ஆட்டத்துக்கு ஃபெர்குசன் தன் கோல்கீப்பர் ஜிம் லெய்ட்டனை எடுத்துவிட்டு லெஸ் சீலியை இறக்கினார். ஸ்காட்லாந்திலேயே ஃபெர்குசனிடம் ஆடி, பின்னால் மான்செஸ்டருக்கு வந்த ஆள் லெய்ட்டன். 1-0 என்று ஜெயித்தார்கள், ஃபெர்குசனுக்கு அங்கே அது முதல் கோப்பை. லெய்ட்டனோடு இருந்த உறவு அத்தோடு முடிந்தது. அந்தச் செய்தியை எப்போது படித்தாலும் எனக்குத் திண்ணையில் இருந்த பூட்ஸ்தான் ஞாபகம் வரும்.

பதினைந்து வருடம் கழித்து அந்தப் பையன் தன் மகனைப் பயிற்சிக்குக் கூட்டி வந்தான். நான், 'மக்களே, நல்லா இருக்கியா?' என்றேன். தலையாட்டினான். போகும்போது ஒன்றே ஒன்று சொன்னான்: 'இவன எடுக்கல்லன்னா, நீங்களே இவன்கிட்ட சொல்லணும், சார்.'

அன்றிலிருந்து நான் சுவரில் பட்டியல் ஒட்டியதில்லை. எடுக்காத ஒவ்வொரு பையனையும் முந்தின நாளே தனியாகக் கூப்பிட்டு, எதற்காக எடுக்கவில்லை, எதைச் சரி செய்தால் எடுப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். சிலர் அழுதார்கள். ஒருவன் என்னைத் திட்டினான். ஆனால் யாரும் பூட்ஸைத் திருப்பி வைக்கவில்லை.

அதனால் நீங்கள் கட்டாயம் கேட்கலாம் அம்மா. ஆனால் முதலில் உங்கள் மகன் கேட்கட்டும். பயிற்சி முடிந்து மற்றப் பையன்கள் போன பிறகு கோச் பக்கத்தில் போய், 'சார், நான் எதைச் சரி செய்யணும்?' என்று கேட்கச் சொல்லுங்கள். 'ஏன் இறக்கவில்லை' என்று தொடங்கினால் அவர் காரணம் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார். இப்படிக் கேட்டால் அவர் பையனைக் கவனித்தாரா இல்லையா என்பது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். 'இடது காலில் பந்து நிற்கவில்லை', 'எழுபது நிமிடத்துக்குப் பிறகு ஓட்டம் குறைகிறது' என்று குறிப்பாக ஏதாவது சொன்னால், அவர் நல்ல கோச். பையன் அங்கேயே இருக்கட்டும். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று மட்டும் சொன்னால் அடுத்த வாரம் நீங்களும் கூடப் போங்கள், அவன் அப்பா கரையில் இருந்தால் அவரையும் கூட்டிப் போங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.